நிற வளையமிட்ட கடற்காகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணல்திட்டில் ஒரு கடற்காகக் கூட்டம் நிற்கிறது. எல்லாம் ஒன்றுபோலத் தெரிய, ஒன்றின் காலில் மட்டும் மஞ்சள் பட்டை, அதன்மேல் கறுப்பு எழுத்துகள். அப்படி ஒன்றைப் பார்த்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. வளையம் வாசிக்கப் பட்டமோ பதவியோ தேவையில்லை. பொறுமையும், கண்டதைக் கண்டபடி எழுதும் பழக்கமும் இருந்தால் போதும்.

காலில் இருக்கும் அந்தப் பட்டை என்ன?

ஆய்வாளர்கள் மாட்டிய அடையாள வளையம். உறுதியான பிளாஸ்டிக்கில் செய்து, எழுத்தும் எண்ணும் பொறித்திருப்பார்கள். வளையத்தின் நிறம், எழுத்தின் நிறம், குறியீடு, எந்தக் கால் என்பவை எல்லாம் சேர்ந்துதான் ஒரு பறவையின் அடையாளம். பெரும்பாலும் மற்றொரு காலில் மெல்லிய உலோக வளையமும் இருக்கும்.

உலோக வளையம் ஒன்றே போதாதா?

பறவை கையில் கிடைத்தால் போதும். 1899இல் டென்மார்க்கின் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டென்சன், எண் பொறித்த அலுமினிய வளையங்களை ஸ்டார்லிங் பறவைகளுக்கு மாட்டினார். முறையான வளையமிடலின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. எண் மிகச் சிறியது. அதைப் படிக்க வேண்டுமானால் பறவையை மறுபடி பிடிக்க வேண்டும், அல்லது அது செத்துக் கிடக்க வேண்டும். வளையமிட்ட பறவைகளில் மிகச் சிறிய பங்கு மட்டுமே அப்படித் திரும்பக் கிடைக்கும். கிடைத்தாலும் ஒரு பறவைக்கு இரண்டே புள்ளிகள்தான்: வளையமிட்ட இடம், செத்த இடம். நடுவே அது எங்கெங்கே இருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

நிற வளையம் வந்ததும் அந்த நடுப்பகுதி திறந்துகொண்டது. நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் பறவையையும் தொலைநோக்கியில் படித்துவிடலாம். பறவைக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஒரே பறவையை ஆண்டுக்குப் பத்துப் பேர் பத்து இடங்களில் பார்த்து எழுத முடிகிறது.

யார் மாட்டுகிறார்கள்? பறவைக்கு வலிக்காதா?

பயிற்சி பெற்று, உரிமம் வாங்கிய வளையமிடுவோர் மட்டுமே மாட்டலாம். பெரும்பாலான கடற்காகங்களுக்குக் குஞ்சுப் பருவத்திலேயே மாட்டிவிடுவார்கள். பறக்கத் தொடங்குவதற்கு முந்தைய நாள்களில் கால் கிட்டத்தட்ட முழுத் தடிமனை எட்டியிருக்கும். அதனால் அப்போது மாட்டிய வளையம் வாழ்நாள் முழுவதும் பொருந்தும். ஒவ்வோர் இனத்துக்கும் உள்விட்டம் வேறு. காலைச் சுற்றித் தளர்வாகச் சுழல வேண்டும், பாதத்தின் வழியே நழுவி விழவும் கூடாது. சரியாக மாட்டிய வளையம் பறப்பதையோ நீந்துவதையோ இரை தேடுவதையோ தடுப்பதில்லை. அதே வளையத்தோடு இருபது ஆண்டுகளைக் கடந்தும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவைகள் உண்டு.

இத்தனை பறவைகள் இருக்க, கடற்காகம் எதற்கு?

நிற வளையம் கொக்கு, நாரை, வாத்து, உள்ளான் எனப் பலவற்றுக்கும் இடப்படுகிறது. ஆனால் கடற்காகம் இந்த வேலைக்கென்றே பிறந்ததுபோல் அமைந்திருக்கிறது. திறந்தவெளியில் நிற்கும். கால் புல்லில் மறையாது. மனிதர்கள் இருக்கும் இடத்தை ஒதுக்காமல் துறைமுகம், குப்பைமேடு, பூங்காக் குளம் என்று வந்து உட்காரும். நீண்ட காலம் வாழும். ஹெர்ரிங் கடற்காகம், சிறிய கருமுதுகுக் கடற்காகம், கருந்தலைக் கடற்காகம் ஆகியவற்றில் 30 வயதைத் தாண்டிய பறவைகளை வளையங்களே சாட்சியாகக் காட்டியிருக்கின்றன. வளையமிட்டவர் பணி ஓய்வு பெற்ற பிறகும் அவருடைய பறவை எங்கோ நின்றுகொண்டிருக்கும்!

எந்தப் பருவத்தில் தேடலாம்?

ஆண்டு முழுவதும். ஆனால் ஒவ்வொரு பருவத்திலும் நீங்கள் பார்க்கும் பறவைகள் வேறு. வடகோளத்துக் கணக்கைச் சொல்கிறேன்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை முதிர்ந்த பறவைகள் இனப்பெருக்கக் குடியிருப்பில், அதாவது கூட்டமாகக் கூடு கட்டும் இடத்தில் இருக்கும். அப்போது கரையோரங்களில் சுற்றுபவை பெரும்பாலும் இன்னும் கூடு கட்டும் வயதை எட்டாத இளசுகள். ஜூன் கடைசியிலேயே கருந்தலைக் கடற்காகங்கள் குடியிருப்பைக் காலிசெய்யத் தொடங்கிவிடும். வெயில் உச்சத்தில் இருக்கும் ஜூலையில், முந்தைய குளிர்காலத்தில் பார்த்த அதே பறவை அதே குளக்கரைக்குத் திரும்பி வந்து நிற்கும். கோடை நடக்கும்போதே அதற்குக் குளிர்கால வாழ்க்கை தொடங்கிவிடுகிறது. புதிதாக வளையம் வாசிப்பவர்கள் இந்த மாதத்தைத் தவறவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் ஜூலையைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பெரும் நகர்வு. கூட்டம் நாளுக்கு நாள் மாறும். நேற்று நின்றவை இன்று இருக்காது. ஒவ்வொரு நாளும் புதுக் குறியீடு கிடைக்க வாய்ப்புள்ள காலம் இதுதான். டிசம்பர், ஜனவரியில் கூட்டம் நிலைத்துவிடும். கடும் உறைபனி வந்து நீர்நிலைகள் இறுகினால் மட்டும் திடீரென்று இடம் மாறும். பிப்ரவரியிலிருந்து திரும்பும் பயணம். வசந்தத்தில் திரும்பும் பறவை இலையுதிர் காலத்தைவிட அவசரத்தில் இருக்கும். கூடு வைக்க நல்ல இடம் முந்தி வந்தவருக்கே. அதனால் வழித்தங்கல்களில் சில மணி நேரம் மட்டுமே நின்றுவிட்டுக் கிளம்பிவிடும்.

“குளிர்காலத்தில் தெற்கே போகும்” என்பது எல்லா இனத்துக்கும் பொருந்துமா?

பொருந்தாது. வளையங்கள் உடைத்த நம்பிக்கைகளில் முக்கியமானது இது. மத்தியதரைக் கடலோரத்தில் பிறக்கும் மஞ்சள்கால் கடற்காகங்களில் பல, கூடு விட்ட கையோடு கோடையின் நடுவில் வடக்கே ஐரோப்பாவின் உள்நாட்டு ஏரிகளுக்கும் அட்லாண்டிக் கரைக்கும் போகின்றன. குளிர் தொடங்கும்போது திரும்பிவிடும். காஸ்பியன் கடற்காகக் குஞ்சுகள் கிழக்கிலிருந்து வடமேற்காகப் பறந்து வடகடல் கரைக்கு வருகின்றன. பால்டிக் பகுதியின் கருந்தலைக் கடற்காகங்களுக்குக் குளிர்காலம் என்றால் தென்மேற்கு: நெதர்லாந்து, பிரிட்டன், பிரான்ஸ்.

எவ்வளவு தூரம் போகின்றன?

ஒரே இனத்துக்குள்ளேயே வேறுபாடு மலைக்க வைக்கும். சிறிய கருமுதுகுக் கடற்காகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் பிறப்பவை அட்லாண்டிக் ஓரமாக இறங்கி ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ, சில இன்னும் கீழே மௌரிட்டானியா வரை செல்கின்றன. பின்லாந்தில் பிறக்கும் கிளையினம் அந்த வழியைத் தொடுவதே இல்லை. தென்கிழக்காகத் திரும்பி, கிழக்கு மத்தியதரைக் கடலைத் தாண்டி, ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி வரை போகிறது. ரஷ்யாவின் வட துருவ ஓரத்தில் பிறக்கும் ஹியூக்ளின் கடற்காகங்கள் அரபிக் கடலோரத்துக்கு வருகின்றன. முதுகு கறுத்த, கால் மஞ்சளான இந்த மூன்றும் தொலைவில் பார்த்தால் அண்ணன் தம்பிகள்தான். வழிகள் மட்டும் விசிறியாய்ப் பிரிகின்றன.

பழுப்புத்தலைக் கடற்காகம் திபெத், சிங்ஹாய் பீடபூமிகளின் உயர ஏரிகளில் கூடு கட்டி, இமயத்தைக் கடந்து தெற்காசியக் கடலோரங்களுக்கு வருகிறது. வட அமெரிக்கப் புல்வெளிச் சதுப்புகளின் பிராங்க்ளின் கடற்காகம் நிலநடுக்கோட்டைத் தாண்டி பெரு, சிலி கரைக்குப் போகிறது.

மறுபுறம், பிரிட்டனின் ஹெர்ரிங் கடற்காகங்களில் பெரும்பாலானவை பிறந்த இடத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குள்ளேயே காலம் தள்ளிவிடும். ஆனால் அதே இனத்தின் வடக்கு நார்வே, வடமேற்கு ரஷ்யப் பறவைகள் குளிர்காலத்தில் வடகடல் கரைக்கு இறங்கி வந்து, அந்த உள்ளூர்ப் பறவைகளோடு கலந்து நிற்கும். எது உள்ளூர், எது விருந்தாளி என்பதை இறகைப் பார்த்து உறுதியாகச் சொல்வது கடினம். வளையம் சொல்லிவிடும்.

எங்கே போய் நின்றால் கிடைக்கும்?

மீன்பிடித் துறைமுகம், ஓதம் வற்றிய கடற்கரை, பூங்காக் குளம், பெரிய நீர்த்தேக்கம், மழைக்குப் பிறகு புழு மேலே வரும் விளையாட்டு மைதானம். குப்பைமேடுகளில் பறவைகள் அதிகம். ஆனால் அங்கே கால்கள் சகதியில் புதைந்திருக்கும், அனுமதியும் வேண்டும். அதைவிட, அந்தப் பறவைகள் தின்று முடித்துக் குளிக்கப் போகும் நன்னீர் நிலை எது என்று கண்டுபிடித்துவிடுங்கள். குளித்துவிட்டு வரும் பறவையின் வளையம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். இறகு கோதிக்கொண்டு வெகுநேரம் அசையாமலும் நிற்கும்.

என்ன கருவி வேண்டும்?

பூங்காக் குளத்துக்கு இருகண் நோக்கி போதும். 8 அல்லது 10 மடங்கு. கடற்கரைக்கு முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கி, 20 முதல் 60 மடங்கு வரை. நீள்குவியக் கேமராவும் நன்றாக வேலை செய்யும், கூடவே சான்றுப் படமும் கிடைத்துவிடும். வெயில் ஏறிவிட்டால் மணலிலிருந்து எழும் கானல் அலையில் எழுத்துகள் நெளியும். அப்போது உருப்பெருக்கத்தைக் கூட்டினால் நெளிவும் கூடும். குறைத்துப் பாருங்கள், அல்லது காலையில் வாருங்கள்.

குறியீட்டை எப்படி வாசிப்பது?

முதலில் எழுத்தை விட்டுவிட்டு மற்றதை எழுதுங்கள். எந்தக் கால்? பறவையின் இடது, வலது, உங்களுடையது அல்ல. பறவை உங்களை நோக்கி நின்றால் இரண்டும் மாறிவிடும் என்பதால், அது திரும்பி நின்று முதுகைக் காட்டும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, மூட்டுக்கு மேலா கீழா? பின்னோக்கி மடங்கும் அந்த மூட்டை முழங்கால் என்று நினைப்போம். உண்மையில் அது கணுக்கால். முழங்கால் வயிற்று இறகுக்குள் மறைந்திருக்கிறது. பிறகு வளையத்தின் நிறம், எழுத்தின் நிறம். உலோக வளையம் எந்தக் காலில் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது எழுத்துகள். பெரும்பாலான வளையங்களில் குறியீடு செங்குத்தாக, பாதத்தின் பக்கத்திலிருந்து மேலே ஏறும் வகையில் பொறிக்கப்பட்டிருக்கும். வளையத்தைச் சுற்றி அதே குறியீடு இரண்டு மூன்று தடவை வரும். அதனால் எந்தப் பக்கம் நின்றாலும் ஏதோ ஒரு பகுதி தெரியும். பறவை ஒரு காலை மடக்கி வயிற்றுக்குள் வைத்திருக்கும், அதுவும் பெரும்பாலும் வளையமுள்ள காலையே. காத்திருங்கள். அது சோம்பல் முறிக்கும்: ஒரு பக்கச் சிறகையும் அதே பக்கக் காலையும் பின்னால் நீட்டும். அந்த இரண்டு மூன்று நொடிகளில் வளையம் முழுவதும் தெரியும். அதற்குத் தயாராகக் குவியத்தைக் காலிலேயே வைத்திருக்க வேண்டும். பறவை நடந்தால் இன்னும் நல்லது. ஒவ்வோர் அடிக்கும் வளையம் கொஞ்சம் சுழன்று அடுத்த எழுத்தைக் காட்டும்.

குறியீட்டின் நடுவே முக்காற்புள்ளியோ சிறு கோடோ இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். அது அழுக்கு இல்லை, குறியீட்டின் பகுதி.

நிறத்தில் ஏமாற வாய்ப்பு உண்டா?

நிறையவே. பழைய வெள்ளை வளையம் கறை ஏறி மஞ்சளாகத் தெரியும். வெயிலில் வெளுத்த சிவப்பு ஆரஞ்சாகிவிடும். மாலை வெளிச்சத்தில் எல்லாமே ஒரு சாயல் மாறும். ஐயம் இருந்தால் “வெள்ளை, ஒருவேளை வெளிர் மஞ்சள்” என்று இரண்டையும் எழுதலாம்.

ஓர் எழுத்து தெரியவில்லை. ஊகித்து நிரப்பலாமா?

கூடாது. சுழியமும் ஓ என்ற ஆங்கில எழுத்தும், 8உம் பியும், 5உம் எஸ்ஸும், 2உம் இசட்டும் தொலைவில் ஒன்றாகவே தெரியும். அதனாலேயே பல வளையமிடும் திட்டங்கள் குழப்பமான எழுத்துகளைப் பயன்படுத்துவதில்லை. ஊகித்த எழுத்தினால் வேறொரு பறவையின் வரலாற்றில் நீங்கள் ஒரு பொய்யான பயணத்தைச் சேர்த்துவிடுவீர்கள். செத்துப்போன பறவை உயிர்த்தெழும். பால்டிக்கில் நின்றது அதே நாளில் போர்ச்சுகலில் தோன்றும். தெரியாத எழுத்துக்குப் பதில் கேள்விக்குறி போட்டு அனுப்புங்கள். இனம், நிறம், கால், இடம் எல்லாம் சரியாக இருந்தால், மூன்று எழுத்தில் இரண்டை வைத்தே திட்டத்தினர் சில நேரம் பறவையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். முடியாவிட்டாலும் தீங்கில்லை.

உலோக வளையம் மட்டும் இருந்தால் விட்டுவிடலாமா?

பறவை பழகியதாக, பக்கத்தில் நின்றால் விடாதீர்கள். பல கோணங்களில் படம் எடுங்கள். எண்ணோடு வளைய மையத்தின் பெயரும் சுற்றி எழுதியிருக்கும்: ஸ்டவாங்கர் மியூசியம் நார்வே, ஆர்ன்ஹெம் ஹாலந்து, ஹெல்கோலாந்து என்பதுபோல. ஒரு படத்தில் நாலு எழுத்து, அடுத்ததில் மூன்று எண் என்று துண்டு துண்டாகச் சேர்த்தால் முழுதும் கிடைக்கும். கைப்பிடிச் சுவரில் வந்து உட்காரும் கருந்தலைக் கடற்காகங்களிடம் இது நன்றாகவே பலிக்கும்.

எங்கே தெரிவிப்பது? என்ன எழுதுவது?

ஐரோப்பிய வளையம் என்று தெரிந்தால், 1963இல் தொடங்கிய யூரிங் என்ற வளைய மையங்களின் கூட்டமைப்புத் தளத்திலிருந்து உரிய மையத்தை அடையலாம். நிற வளையத் திட்டங்களைப் பட்டியலிடும் தளங்களும் உண்டு; இனம், நிறம், கால் ஆகியவற்றைக் கொண்டு தேடினால் எந்தத் திட்டம் என்று தெரியும். வட அமெரிக்க வளையங்களுக்கு அமெரிக்கப் பறவை வளைய ஆய்வகம். இந்தியாவில் இடப்பட்டவற்றுக்கு மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம்.

தேதி, நேரம், ஆயத்தொலைவுடன் இடம், இனம், வளைய விவரம் முழுவதும், பறவையின் நிலை. படம் இருந்தால் இணைக்கவும். படம் மங்கலாக இருந்தாலும் அனுப்பலாம்.

பதில் வருமா?

வரும். சில திட்டங்கள் இணையத்தில் பதிந்த உடனே வரலாற்றைக் காட்டும். சில திட்டங்களில் ஒரு தனி மனிதர் மாலை நேரங்களில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறார்; அங்கே மாதங்கள் ஆகலாம். வருவது ஒரு தாள்: எங்கே, எந்த நாளில், குஞ்சாக இருக்கும்போதா வளர்ந்த பிறகா வளையமிடப்பட்டது, அதன்பின் யார் யார் எங்கே பார்த்தார்கள். அடியில் கடைசி வரியாக உங்கள் பதிவு இருக்கும்.

அதே பறவையை அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் தெரிவிக்க வேண்டுமா?

வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தொலைதூரப் பதிவுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி “அதே இடம், அதே பறவை” என்ற பதிவுக்குக் கிடைப்பதில்லை. அறிவியலுக்கோ இரண்டாவதுதான் உணவு. ஓர் இனத்தில் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு பறவைகள் உயிர் பிழைக்கின்றன என்று கணக்கிடும் முறை, ஒரு பறவை எந்தெந்த ஆண்டில் பார்க்கப்பட்டது, எந்தெந்த ஆண்டில் பார்க்கப்படவில்லை என்ற தொடரை வைத்தே இயங்குகிறது. பார்க்காத பறவை செத்திருக்கலாம். அல்லது யாரும் அங்கே போய்ப் பார்க்காமல் இருந்திருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் ஒரே இடத்தை ஒருவர் விடாமல் பார்த்துவந்திருக்க வேண்டும். வந்த முதல் தேதி, கிளம்பிய கடைசித் தேதி, நடுவே காணாமல் போன வாரங்கள் எல்லாமே தகவல்தான்.

இப்படிச் சேர்ந்த சலிப்பான வரிகளால்தான், கருந்தலைக் கடற்காகம் குளிர்காலத்துக்கு ஆண்டுதோறும் ஒரே குளத்துக்குத் திரும்புவது தெரிய வந்தது. பிரிட்டனின் சிறிய கருமுதுகுக் கடற்காகங்கள் ஒரு காலத்தில் ஏறக்குறைய எல்லாமே தெற்கே போனவை. இன்று பல்லாயிரம் பறவைகள் அங்கேயே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. எந்தப் பறவை போவதை நிறுத்தியது, எது இன்னும் போகிறது என்பதைக் காட்ட, வீட்டருகே நின்ற பறவையை யாராவது எழுதியிருக்க வேண்டும்.

செயற்கைக்கோள், ஜிபிஎஸ் எல்லாம் வந்த பிறகும் வளையம் எதற்கு?

ஜிபிஎஸ் கருவி பறவையின் பாதையை நிமிடக் கணக்கில் காட்டும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் உருவாக்கிய சூரிய ஒளிக் கருவிகளைச் சுமந்த கடற்காகங்கள், கடலில் எங்கே இரை தேடின, எந்த உயரத்தில் பறந்தன என்பதுவரை சொல்லின. ஆனால் கருவி விலை அதிகம். எடை பறவையின் எடையில் ஏறக்குறைய மூன்று விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு உண்டு. சில ஆண்டுகளில் பழுதாகும். அதனால் சில பறவைகளுக்கே மாட்ட முடியும். வளையம் ஆயிரக்கணக்கில் இடலாம், மின்கலம் தேவையில்லை, பத்து இருபது ஆண்டு நிற்கும். கருவி சுமக்கும் பறவைக்கும் நிற வளையம் இடுவது வழக்கம். கருவி மௌனமான பிறகு, பறவை உயிரோடு இருக்கிறதா என்பதை வளையம் வாசிப்பவர்தான் சொல்ல வேண்டும்.

கடற்காகங்களை அடையாளம் காணவே தடுமாறுகிறேன். வளையம் உதவுமா?

இதைவிட நல்ல ஆசான் இல்லை. பெரிய கடற்காகங்கள் முழு வளர்ந்த இறகை அடைய நாலு ஆண்டுகள் ஆகும், சிறியவற்றுக்கு இரண்டு. இடைப்பட்ட பழுப்பும் சாம்பலும் கலந்த கோலங்களைப் பார்த்து வயது சொல்வது அனுபவசாலிகளுக்கே சிரமம். குஞ்சில் வளையமிட்ட பறவைக்கோ வயது உறுதி, பிறந்த குடியிருப்பும் உறுதி. அதன் படத்தை அருகில் வைத்து மற்ற பறவைகளை ஒப்பிடுங்கள். போலந்து, கிழக்கு ஜெர்மனிப் பக்கத்துக் கலப்புக் குடியிருப்புகளில் காஸ்பியனும் ஹெர்ரிங்கும் இணைசேர்வதையும், அவற்றின் குஞ்சுகள் எப்படித் தோன்றும் என்பதையும் இப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

ரொட்டி போட்டுக் கூப்பிட்டுப் படிக்கலாமா?

பூங்காக் குளங்களில் பலர் செய்கிறார்கள். உணவிடத் தடை இல்லாத இடத்தில் மிகச் சிறிதளவு பரவாயில்லை. பறவைகளின் இனப்பெருக்கக் குடியிருப்புக்குள் நுழைவதும், ஓய்வெடுக்கும் கூட்டத்தைக் கிளப்பிவிடுவதும் கூடவே கூடாது. நீண்ட பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பை உங்கள் ஒரு குறியீட்டுக்காக அது செலவழிக்க வேண்டாம். பறவைகள் தலை தூக்கி எல்லாம் ஒரே பக்கம் பார்க்கத் தொடங்கினால், நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

வளையமுள்ள பறவை இறந்து கிடந்தால்?

வெறுங்கையால் தொடாதீர்கள். 2021க்குப் பிறகு பரவிய எச்5என்1 பறவைக் காய்ச்சல் கடற்பறவைகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. 2023இல் ஐரோப்பாவில் கருந்தலைக் கடற்காகக் குடியிருப்புகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. குச்சியால் காலைத் திருப்பி இரண்டு வளையங்களையும் படம் எடுங்கள். புதிதாக இறந்ததா, காய்ந்துபோனதா, காரணம் ஏதாவது தெரிகிறதா என்று எழுதுங்கள். பல பறவைகள் ஒன்றாக இறந்து கிடந்தால் முதலில் உள்ளூர் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள், வளையம் அப்புறம்.

காலில் தூண்டில் நரம்பு சிக்கிய பறவையைக் கண்டால்?

துரத்திப் பிடிக்க முயலாதீர்கள். பறக்க முடிந்த பறவை இன்னும் இறுகச் சிக்கிக்கொள்ளும். காட்டுயிர் மீட்புக் குழுவுக்குத் தெரிவியுங்கள். வளையமும் இருந்தால் குறியீட்டோடு, நரம்பு எந்தக் காலில், வளையத்தோடு பின்னியிருக்கிறதா என்பதையும் திட்டத்துக்கு எழுதுங்கள். வளையத்தில் நரம்பு சிக்குவது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று வளையமிடுபவர்கள் அறிய வேண்டும். வளையத்தின் விளிம்பு, உயரம், மாட்டும் இடம் ஆகியவற்றை மாற்றலாமா என்று அவர்கள் முடிவெடுப்பது இத்தகைய பதிவுகளை வைத்துத்தான்.